கறுப்பெல்லாம் அழுக்கு

என் வீட்டுக்காரர் நவநீதன் ரிட்டயராகி நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் எங்கள் திருவெறும்பூர் வீட்டில் ஒரு மிக்ஸி, ஒரு வாசல் மணி, ஒரு கிரைண்டர் மோட்டார் போய்ச் சேர்ந்துவிட்டன. எல்லாமே ரிப்பேரில் போனவை. ரிப்பேருக்கு முன்னால் சுமாராக ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் முப்பத்தாறு வருஷம் இருந்த மனிதர். அங்கே ஒரு மெஷினைத் திறக்க மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டில் என் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் கீபோர்டு விஷயத்தை அவரிடம் மூச்சு விடவில்லை. எங்கள் மகன் சித்தார்த் ஆறாம் வகுப்பு படிக்கும்போது வாங்கியது. அவன் நாலு மாதம் வாசித்தான், பிறகு டப்ளினுக்கு வேலைக்குப் போகும்வரை அதன்மேல் துணி மடித்து வைத்தான். என்னுடைய ஐம்பதாவது வயதில், "நான் கத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "இந்த வயசுல எதுக்கு?" என்றார், பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்காமல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைய சாம்பாருக்கு உப்பே போடவில்லை.

இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் போகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, பெருமாளைச் சேவிக்கத்தான் போகிறேன் என்று காலனி முழுக்க நம்புகிறது. உண்மையில் சித்திரை வீதி மாடி ஒன்றில் சுபஸ்ரீ என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் கீபோர்டு கற்கிறேன். போகிற வழியில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிடுவேன், பெருமாளை ஏமாற்றினேன் என்று இருக்கக்கூடாது. திரும்பும்போது துளசியும் குங்குமமும் வாங்கிவந்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பேன். ஒரு மருமகளுக்குக் குழந்தை உண்டானதே என் குங்குமத்தால்தான் என்று பேச்சு. சினிமாவுக்குப் போக நூறு கேள்வி கேட்கிற ஊர், கோயில் என்றால் வாயே திறக்காது.

மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்தில், உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தத்தைக் குறைத்து வாசிப்பேன். ஹெட்ஃபோன் மாட்ட வழியில்லை. அந்த ஓட்டையை அவர் போன வருஷமே ரிப்பேர் செய்துவிட்டார்.

இந்த மாதம் சுபஸ்ரீயின் வகுப்புக்கு ஆண்டு விழா. ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஹால். "மாமி, உங்களுக்கும் ஒரு பாட்டு. உங்க கீபோர்டையே கொண்டு வந்துடுங்கோ" என்றாள். அந்த ஊரில் நானும் மாமி. ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு மேடையிலும் நான் ஏறியதில்லை. சொந்தக் கல்யாணத்தில் ஏறியதைச் சேர்க்காமல் சொல்கிறேன், அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நடுவில் மூன்று கட்டைகள் மக்கர் செய்தன. ஓங்கி அழுத்தினால் ஒலிக்கும், இல்லாவிட்டால் ஊமை. எப்படியோ ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "அந்தக் கீபோர்டுல மூணு கட்டை பேசல. இன்னைக்குப் பார்த்துடறேன்."

"அது சும்மாதானே கிடக்கு, விடுங்களேன்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

மதியம் அவர் நண்பர் தங்கையன் வந்துவிட்டார். ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். படிவம் இல்லாமல் பாத்ரூம்கூடப் போகமாட்டார் போல. ஒரு ஜாப் கார்டு எழுதினார்கள். பழுது: மூன்று கட்டை. உபயோகிப்பவர்: சித்தார்த். டப்ளினில் இருப்பவன் திருவெறும்பூரில் எப்படி உபயோகிப்பான் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றவில்லை. நான் டீ டம்ளரை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

திறந்தார்கள். கட்டைகளுக்கு அடியில் நீளநீளமாக ரப்பர் பட்டைகள் இருந்தன. பன்னிரண்டு கட்டைக்கு ஒரு பட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் நேராக ரப்பரில் மிளகு மாதிரி கறுப்புப் பொட்டுகள்.

"பாருய்யா, எவ்வளவு கரி!" என்றார் என் வீட்டுக்காரர். "கான்டாக்ட்னா பளபளன்னு இருக்கணும். கறுப்பெல்லாம் அழுக்கு. மூணை மட்டும் எதுக்குத் துடைக்கணும்? எல்லாத்தையும் தேய்ச்சுடுவோம்."

உப்புத்தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இடது கைப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பொட்டாகத் தேய்த்தார்கள். மூன்று பட்டை முடிந்தபோது ஃபேக்டரியின் நாலரைச் சங்கு கேட்டது. இருவரும் அப்படியே சாமானைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். ரிட்டயரானாலும் சங்குக்கு மரியாதை உண்டு.

மறுநாள் காலை, முதலில் ஒரு டெஸ்ட் என்று மாட்டி, இடதிலிருந்து அழுத்திக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, பத்து, முப்பத்தாறு. ஒரு சத்தமும் இல்லை. அதற்கப்புறம் இருந்த கட்டைகள் மட்டும் கீச்சென்று பாடின. தங்கையன் ஜாப் கார்டை எடுத்து நிதானமாக எழுதினார்: "முன்பு பழுது 3. தற்போது 36. மேலும் ஆய்வு தேவை."

"நீங்க நாசமாப் போக!" என்று கத்தியேவிட்டேன். "ஞாயிற்றுக்கிழமை மேடையில நான் அதுல வாசிக்கணும்யா! மூணு வருஷமா கத்துக்கிட்டிருக்கேன்!"

"நீங்களா? அப்ப வெள்ளிக்கிழமை... பெருமாள்?" என்றார் தங்கையன். கோயில் குங்குமம் அவர் மனைவிக்கும் கொடுத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கீபோர்டைப் பழைய போர்வையில் சுற்றி, "கிளம்பு" என்றார்.

திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜமால் பாயின் கடை. ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு எல்லாம் பார்ப்பார். திறந்து ரப்பரை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாஷா அல்லாஹ், என்ன சுத்தம்! யாருங்க பண்ணது?"

"நான்தான்" என்றார் இவர், பாராட்டு என்று நினைத்து.

"அந்தக் கறுப்புதாங்க கரண்டைக் கடத்துறது. கார்பன். அடியில தூசி அடைஞ்சிருந்தது, பஞ்சால ஒத்தி எடுத்திருந்தா போதும்." மீதிப் பட்டைகளைப் பார்த்தார். "இந்த ரெண்டை ஏன் விட்டு வெச்சீங்க?"

"சங்கு ஊதிடுச்சு."

"அந்தச் சங்கு ஊதினவரு நல்லா இருக்கணும்" என்றார் ஜமால் பாய். புது ரப்பர் சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும். அதுவரை, பிழைத்த இரண்டு பட்டைகளையும் நடுவில் மாற்றி மாட்டிக் கொடுத்தார். நடுவில் இரண்டு ஸ்தாயி பேசும். இரு பக்கமும் ஊமை.

என் பாட்டுக்கு அது போதும், ஓரிடம் தவிர. சரணத்தில் ஒரு தடவை கீழ்ப் பஞ்சமத்துக்கு, அந்தக் கீழ் 'பா'வுக்கு, இறங்க வேண்டும். அந்தக் கட்டை ஊமைப் பக்கம். "அதை மட்டும் விட்டுட்டு வாசிங்கோ மாமி, யாருக்கும் தெரியாது" என்றாள் சுபஸ்ரீ.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் ஒன்பது வயசுப் பையன் வாசித்தான், எனக்குப் பின்னால் எட்டு வயசுப் பெண். முன்வரிசையில் என் வீட்டுக்காரரும் தங்கையனும் இஸ்திரி போட்ட சட்டையில். பல்லவி எப்படியோ வந்துவிட்டது. சரணத்தில், பாழாய்ப்போன பழக்கம், விரல் தானாகக் கீழே இறங்கி அந்த ஊமைக் கட்டையை அழுத்தியது.

ஹால் நிசப்தம். முன்வரிசையிலிருந்து ஒரு கட்டைக் குரல், "பா..." என்றது.

என் வீட்டுக்காரர். சுருதி சேரவில்லை. ஆனால் இடம் சரி. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அடுத்த வரியை வாசிக்கும்போதுதான் உறைத்தது, இந்தப் பாட்டு இவருக்கு எப்படித் தெரியும்? மூணு கட்டை பேசவில்லை என்று யார் சொன்னது? மூன்று வருஷமாக மதியத்தில் இந்த மனிதர் தூங்கவே இல்லை.

சரணம் இரண்டாம் தடவை வந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நான் வேண்டுமென்றே அந்த ஊமைக் கட்டையை அழுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் பாடினார்.

பஸ் ஸ்டாப்பில் போர்வை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தெரிஞ்சே ஏன் சித்தார்த் பேரை எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"நீ மறைச்சு வெச்சிருக்க. நான் தங்கையன்கிட்ட எப்படி எழுதிக் கொடுக்கிறது?" போர்வை முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அன்னைக்கு இந்த வயசுல எதுக்குன்னு கேட்டது தப்புதான்" என்றார்.

அழுகை வந்தது. அவருக்குக் காட்டவில்லை. "ரப்பர் வந்தா ஜமால் பாய்தான் மாட்டணும். நீங்க தொடக்கூடாது" என்றேன்.

"சரி. அந்தக் கீழ்ப் பா மட்டும் அப்படியே இருக்கட்டுமா?"

"முதல்ல சுருதி சேர்ந்து பாடக் கத்துக்குங்க" என்றேன். "வெள்ளிக்கிழமை கிளாஸ் நாலு மணிக்கு."