நான்கு விநாடி மௌனம்

பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து வந்த மறுபதிப்பு இசைத்தட்டின் உறைக் குறிப்பை நஜாத் நான்காவது தடவையாகப் படித்தாள். படிக்கப் படிக்க எரிச்சல்தான் ஏறியது. காசாபிளாங்காவில் டயர் கடை மாடியில் பதிவானதை ரபாத் என்று எழுதியிருந்தார்கள். போகட்டும். அரசாங்கம் தடை செய்த தட்டாம். வாங்க ஆளில்லாமல் கடையில் தூங்கிய தட்டு அது. அதுவும் போகட்டும். ‘ஆர்கன்: லர்பி வஸ்ஸானி’ என்பதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. தம்பி லர்பிக்கு ஆர்கன் வாத்தியத்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூடத் தெரியாது.

1974இல் தான் வாசித்துவிட்டு அந்தப் பெயரைக் கொடுத்தவளே அவள்தான். மகள் தையல் வகுப்புக்குப் போகிறாள் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்த காலம். அப்பா போய் இருபது வருடமாகிறது, இனி யாருக்குப் பயம்? அடுத்த பதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் அவள் பெயர் ஏறியாக வேண்டும்.

லர்பியை வரவழைத்தாள். “ஏண்டா, பேட்டி வேற குடுத்தியாமே?”

“ரெண்டு மணி நேரம் அவ்ளோ மரியாதையா கேட்டான்க்கா. இல்லேன்னு சொல்ல வாய் வரல.”

“மூணாவது பாட்டுல நாலு விநாடி ஆர்கன் நிக்குதே, அது ஆட்சிக்கு எதிரான மௌனமா?”

“அவனேதான் சொன்னான். நான் தலைய மட்டும் ஆட்டினேன்.”

நடந்தது வேறு. வாசலில் காவல் நின்ற லர்பி, அப்பா வருகிறார் என்று விசிலடித்தான். அவள் பதறிக் கையை எடுத்துவிட்டாள். வந்தவர் டீக்காரர்.

குறிப்பு எழுதிய திபோவுக்கு அப்போதே போன் போட்டாள். அவன் ஆதாரம் கேட்டான்.

“அந்த இடத்துல ஒரு விசில் கேக்கும் பாருங்க.”

“எங்க தட்டுல இல்லையே மேடம்.”

“எப்படி இருக்கும்? இரைச்சல்னு நெனச்சுத் துடைச்சிருப்பீங்க.”

பழைய தட்டைச் சுழலவிட்டு, போனை ஒலிபெருக்கியருகே பிடித்தாள். விசில் தெளிவாகக் கேட்டது.

“அது நான்தான் சார். வாசிச்சது அவங்க,” என்றான் லர்பி, ஒருவழியாக.

திபோ மன்னிப்புக் கேட்டான், மாற்றிவிடுவதாக வாக்களித்தான். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புதுப் பதிப்பு வந்தது. ‘ஆர்கன்: நஜாத் வஸ்ஸானி.’ ஐம்பது வருடத்துக்குப் பிறகு அச்சில் தன் பெயர். சந்தோஷக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மிச்சத்தைப் படிக்கச் சொல்லிக் கணவர் மிலூத்திடம் நீட்டினாள்.

அவர் நிதானமாகப் படித்தார். “லர்பி வஸ்ஸானியின் மனைவி.”

கல்யாணமானாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பவள் அவள், அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல. ஒரே குடும்பப் பெயரைப் பார்த்த திபோ, யாரையும் கேட்காமல் தானே கல்யாணத்தை முடித்துவைத்திருந்தான்.

மிலூத் கண்ணாடியைக் கழற்றினார். “நாப்பத்தஞ்சு வருஷமா நான் யார் வீட்டுக்குக் காய்கறி வாங்கிட்டு வர்றேன்?”

நஜாத் ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள். “திபோ சார், மூணாவது பதிப்பு எப்போ?”