கம்பி வாசலில் குறுக்கே நின்ற பஸ்

நீல பிக்கப் வண்டி வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் ரோவீனா ஹஸ்கானுக்கு போன் வந்தது. பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு எடுத்தாள்.

“மேடம், பிராண்ட்லி மோட்டார்ஸ்லேருந்து கைல் பேசறேன். கடன் கொடுக்கறேன்னு சொன்ன கம்பெனி பின்வாங்கிட்டாங்க. பெரிய விஷயம் ஒண்ணுமில்ல. வந்து புதுசா ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடுங்க.”

“பழைய கையெழுத்துக்கு என்ன வந்தது?”

“அது இனிமே செல்லாது மேடம்.”

ரோவீனா பதினோரு வருஷமாக அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினருக்கு உரிய நிலத்தின் செம்மண் பாதைகளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மழை பெய்தால் எந்த ஓடையில் சக்கரம் புதையும், எந்த மேட்டில் வழுக்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். வண்டி விஷயத்தில் அவளை ஏமாற்றுவது கஷ்டம். நவஹோ நிலத்தின் எல்லைக்கு வெளியே இருந்த நகரத்துக் கடையில் அந்த பிக்கப்பின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேசினாள். வண்டியில் ஒரு குறையும் இல்லை. பள்ளம் காகிதத்தில் இருந்தது.

ஆசைக்கு வாங்கிய வண்டியல்ல அது. அவளை வளர்த்த சின்னம்மா மே லூயிஸுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அறுபது மைல். வீட்டில் குழாய் கிடையாது. தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வரவேண்டும். பழைய வண்டி ஒன்று இருந்தது. கதவில் ஒன்று திறக்காது, ஆனாலும் ஓடும். அதையும் கொடுத்து, கையில் இருந்ததையும் முன்பணமாகக் கட்டித்தான் இதை எடுத்தாள்.

சனிக்கிழமை சின்னம்மாவையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். கைல் காபி கொடுத்தான், டோனட் கொடுத்தான், கடைசியில் காகிதத்தைக் கொடுத்தான். ரோவீனா முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. தவணையும் ஒரு வருஷம் நீண்டிருந்தது. கைல் மேஜையில் விரலால் தாளம் போட்டான்.

“இவ்வளவு நேரம் யாரும் படிக்க மாட்டாங்க மேடம்.”

“அதனாலதான் உங்க கடை இவ்வளவு பெருசா இருக்கு.” காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். “எனக்கு இது வேண்டாம். உங்க வண்டி வாசல்ல நிக்குது, எடுத்துக்கங்க. என் பழைய வண்டியையும் நான் கட்டின பணத்தையும் கொடுங்க, போயிடறேன்.”

கைல் மேனேஜரைப் பார்த்தான். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் எழுந்து வந்தார். பருத்த மனிதர், பெயர் ரெட்மண்ட்.

“அந்த வண்டி வித்துப்போச்சும்மா.”

“எப்போ?”

“நீங்க கொடுத்த நாலாம் நாளோ என்னமோ.”

“என் கையெழுத்து செல்லாதுன்னு சொல்றீங்க. செல்லாத கையெழுத்த வச்சுக்கிட்டு என் வண்டிய எப்படி வித்தீங்க?”

சின்னம்மாவுக்கு ஆங்கிலம் வராது. “என்னடீ சொல்றான்?” என்று அவர்கள் பாஷையில் கேட்டாள். ரோவீனா சொன்னாள்.

“ஆட்ட அறுத்துத் தின்னுட்டு, ஆடு உன்னுதே இல்லங்கிறானா?” என்றாள் சின்னம்மா. அவள் டோனட்டைத் தொடவில்லை.

ரெட்மண்டின் குரல் மாறியது. “சாவிய வச்சுட்டுப் போங்க. இல்லன்னா வண்டி திருடிட்டாங்கன்னு போலீசுக்குச் சொல்லுவேன்.”

ரோவீனா சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “சொல்லுங்க. முதல் காகிதத்துல என் கையெழுத்துக்குக் கீழ உங்க கையெழுத்தும் இருக்கு. ரெண்டு பேருமாப் போய்க் காட்டுவோம்.”

சொல்லிவிட்டாளே தவிர, நாற்பது மைல் தாண்டும்வரை பின்னால் போலீஸ் விளக்கு தெரிகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. பக்கத்தில் சின்னம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள்.

திங்கட்கிழமை பஸ் வேலை முடிந்ததும் இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் காகிதங்களைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னாள். “முதல் காகிதத்துல போட்டிருக்கிற தவணைய நாள் தவறாமக் கட்டுங்க, ரசீது வச்சுக்கங்க. அப்புறம் இதக் கேட்டுக்கங்க. நம்ம நிலத்துக்குள்ள வந்து ஒருத்தன் வண்டிய எடுக்கணும்னா, எடுக்கிற அன்னிக்கு நீங்க எழுதிக் கொடுத்த சம்மதம் வேணும். இல்லன்னா நம்ம நவஹோ நீதிமன்றத்து உத்தரவு வேணும். ரெண்டும் இல்லன்னா அவனால சக்கரத்தக்கூடத் தொட முடியாது.” அந்தச் சட்டத்தின் ஒரு நகலையும் எடுத்துக் கொடுத்தாள். ரோவீனா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை விடியலில், ரோவீனா பஸ்ஸின் விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது நாய்கள் குரைத்தன. பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால், வீட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் இழுவை வண்டி. பிக்கப்பின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. உள்ளே, போர்வையைப் போர்த்திக்கொண்டு, மூக்கு வானத்தைப் பார்க்க, மே லூயிஸ் உட்கார்ந்திருந்தாள்.

நாய் குரைத்ததும் அவள்தான் முதலில் வெளியே வந்திருக்கிறாள். வந்தவன் இழுவை வண்டியின் பின்பக்கம் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். அவன் பார்க்காமலே விசையை அழுத்த, வண்டி அவளோடு சேர்ந்து மேலே போயிருக்கிறது.

“ஐயோ, இறங்குங்க பாட்டி!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான் அவன். முப்பது வயதிருக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவனும் நவஹோதான், அவர்கள் பாஷையில் சொன்னால் தினே ஆள்.

“பாட்டியா? எந்த முறையில நான் உனக்குப் பாட்டி?” சின்னம்மா கண்ணாடியைக் கீழே இறக்கினாள். “உன் குலம் என்ன, சொல்லு.”

அவன் தயங்கினான். குலம் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. “கசப்புநீர்க் குலம்.”

“அம்மா வழியா?”

“ஆமா.”

“நானும் கசப்புநீர்தான்டா. அப்போ நீ எனக்குப் பிள்ளை முறை. தாயை வண்டியோட கட்டி இழுத்துட்டுப் போகவா வந்தே? போ. நல்லா வேகமாப் போ. ஊரெல்லாம் பாக்கட்டும்.”

அவன் பெயர் டெவின். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “எனக்கும் வயிறு இருக்குல்ல அம்மா? வண்டிக்கு இவ்வளவுன்னு கொடுக்கறாங்க.”

ரோவீனா சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து அவன் முன்னால் விரித்தாள். “தம்பி, நான் எழுதிக் கொடுத்த சம்மதம் இருக்கா? நம்ம நீதிமன்றத்து உத்தரவு இருக்கா?”

“கடையில கொடுத்த ஆர்டர் இருக்கு.”

“அது அவன் கடைக்குள்ள செல்லும்.”

டெவின் ரெட்மண்டுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கத்தல் ரோவீனாவுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, முகம் இறுகி, “அவங்கள இறக்கி விடுங்க அக்கா. நான் வண்டியோடதான் போயாகணும்” என்றான்.

ரோவீனா பஸ்ஸில் ஏறினாள். அவர்கள் வீட்டிலிருந்து வெளியே போக ஒரே பாதைதான். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் முள்வேலி. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பாதை முடிகிற இடத்தில், மாடு தாண்டாதபடி குழியின்மேல் இரும்புக் கம்பிகள் பதித்த வாசல். அந்தக் கம்பி வாசலில் பஸ்ஸைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். பிறகு ரேடியோவை எடுத்தாள்.

“பதினேழாம் நம்பர். இன்னிக்கு நேரமாகும்.”

“எத்தன நிமிஷம்?” என்றது பணிமனைக் குரல்.

“தெரியாது. என் வண்டிய எடுக்க வந்திருக்கான். பஸ்ஸ வாசல்ல குறுக்க நிறுத்தியிருக்கேன்.”

“ரோவீனா, அது பள்ளிக்கூடத்து பஸ்.”

“தெரியும். அதான் நல்லா நீளமா இருக்கு.”

போலீசுக்கும் சொன்னாள். இருந்த இரண்டு பேரும் எங்கோ விபத்துக்குப் போயிருந்தார்கள். வர ஒன்றரை மணி நேரமாகுமாம். அப்போதுதான் அவள் மணியைப் பார்த்தாள். மார்ச் மாதக் குளிரில், பாதையோரங்களில், இருபத்திமூன்று பிள்ளைகள் அவளுக்காக நிற்பார்கள். பதினோரு வருஷத்தில், பனி கொட்டிய நாளிலும் அவள் அவர்களை நிற்கவைத்ததில்லை.

பணிமனையிலிருந்து செய்தி போய், அரை மணியில் முதல் வண்டி வந்தது. லீலண்ட் யெல்லோஹேர், பெண்டாட்டி, பள்ளிக்கூடப் பையோடு மகள். இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

“என் பொண்ணுக்கு இன்னிக்குப் பரீட்சை! உன் கடன் சண்டைக்கு எங்க பிள்ளைங்கதான் கிடைச்சாங்களா?”

“நீங்க கேக்கறது நியாயம் அண்ணே” என்றாள் ரோவீனா. “ஆனா பஸ்ஸ எடுக்க மாட்டேன். எடுத்தா வண்டி போயிடும். வண்டி போனா சின்னம்மாவுக்கு ஆஸ்பத்திரி இல்ல.”

“எந்தக் கடைக்காரன்?”

“பிராண்ட்லி.”

லீலண்ட் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். வண்டிக்குள்ளிருந்து அவர் பெண்டாட்டி சொன்னாள்: “சொல்லுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

போன இலையுதிர் காலத்தில் லீலண்டின் வண்டி காணாமல் போனது. பீனிக்ஸில் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். கொடுக்கவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தபோது பிராண்ட்லி ஆட்கள் வந்து தூக்கிவிட்டார்கள். அவருக்கும் இதே கதைதான். இரண்டாவது காகிதத்தில் கையெழுத்து போட மறுத்திருக்கிறார். “வெளிய சொல்ல வெட்கமா இருந்தது” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் இன்னும் வண்டிகள் வந்தன. கோபத்தோடு வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் இன்ஜினை அணைத்தார்கள். ஜொனெல் பிட்சுயி என்ற பெண், கைக்குழந்தையோடு வந்தவள், “நான் ரெண்டாவது காகிதத்துல போட்டுட்டேன், பயந்துபோய். சம்பளத்துல பாதி அதுக்கே போகுது” என்று எல்லோர் முன்னாலும் அழுதாள். ஒன்பது வண்டிகள் நின்றன. அதில் ஐந்து குடும்பம் பிராண்ட்லியிடம் மாட்டிக்கொண்டது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஜொனெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸின் டீசல் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதத் தொடங்கினாள்.

சின்னம்மா இன்னும் வானத்தைப் பார்த்தபடிதான் இருந்தாள். “ஏய் பிள்ளை! தாய்க்குக் கழுத்து வலிக்குதுடா” என்று நடுநடுவே குரல் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது. லீலண்ட் டெவினை நோக்கி நடந்தார். அடித்துவிடுவாரோ என்று ரோவீனா பயந்தாள். ஆனால் அவர் கேட்டது ஒன்றுதான்: “என் வண்டிய எடுத்தது நீயா?”

டெவின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போய் விசையை இழுத்தான். பிக்கப் மெல்ல இறங்கி நாலு சக்கரத்தில் நின்றது. சங்கிலியைக் கழற்றிவிட்டு ரோவீனாவிடம் வந்தான்.

“இந்த ஒரு வருஷத்துல இங்கேருந்து ஏழு வண்டி எடுத்திருக்கேன் அக்கா. ஒண்ணுக்கும் காகிதம் கேட்டதில்ல.”

“நீதிமன்றத்துல வந்து சொல்வியா?”

“சொல்றேன்.”

ரோவீனா பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டாள். அன்று பஸ் ஒரு மணி இருபது நிமிஷம் தாமதமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. அப்போதும் அவள் ஒரு நிறுத்தத்தைக்கூட விடவில்லை.

மேலதிகாரி கூப்பிட்டார். சம்பளமில்லாமல் மூன்று நாள் பணி இடைநீக்கம் என்று எழுதிய தாளை நீட்டினார். ‘தவறை ஒப்புக்கொள்கிறேன்’ என்று அதில் ஒரு வரி இருந்தது.

“இந்த வரிய அடிங்க. ‘பஸ்ஸக் குறுக்க நிறுத்தினேன்’னு எழுதுங்க, கையெழுத்து போடறேன். தப்புன்னு எழுதினா போட மாட்டேன். போன மாசத்துலேருந்து நான் எல்லாத்தையும் படிக்கிறேன் சார்.”

அவர் பேனாவால் அந்த வரியை அடித்தார்.

அந்த மூன்று நாளும் ரோவீனா வீட்டில் இருக்கவில்லை. ஜொனெலின் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சில வீட்டில் கதவைத் திறக்கவில்லை. சில வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும் போட்டுவிட்டு, “எங்களுக்கு அப்படி எதுவும் இல்ல” என்றார்கள். ஆனாலும் பதினாலு புகார்கள் சேர்ந்தன.

ஜூன் மாதம் நவஹோ நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. டெவின் வரவில்லை. அவன் போனும் அணைந்து கிடந்தது. “பிள்ளைன்னு சொன்னேன், பிள்ளை மாதிரியே நடந்துக்கிட்டான்” என்றாள் சின்னம்மா. ரோவீனாவுக்கு மனசு விழுந்துபோயிற்று. அவனைத்தான் பெரிய சாட்சியாக நினைத்திருந்தாள்.

உள்ளே போகுமுன் கடையின் வக்கீல் அவளைத் தாழ்வாரத்தில் ஓரங்கட்டினார். முதல் காகிதத்தின் வட்டியே போதும், பழைய வண்டிக்கும் நல்ல விலை தருவார்கள், இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். ரோவீனா நின்றபடியே படித்தாள். மூன்றாவது பத்தியில், இதைப்பற்றி யாரிடமும் பேசக்கூடாது, மற்றவர்கள் வழக்கில் சாட்சி சொல்லவும் கூடாது என்று இருந்தது.

பெஞ்சில் லீலண்டும் ஜொனெலும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஆசை வராமல் இல்லை. கையெழுத்து போட்டால் அன்று ராத்திரியே நிம்மதியாகத் தூங்கலாம்.

“வண்டிக்கு விலை சொன்னீங்க, சரி. என் வாயை எப்போ விலைக்கு வச்சேன்?” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

டெவின் இல்லாமலேயே வழக்கு நடந்தது. ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் எழுந்து சொன்னார்கள். லீலண்ட் தன் பெயரையும் குலத்தையும் சொல்லி, குரல் உடையாமல், நடந்ததைச் சொன்னார். நீதிபதி அம்மா ரெட்மண்டைப் பார்த்து, “இந்த நிலத்தில் வியாபாரம் பண்ண வந்தால் இந்த நிலத்தின் சட்டமும் கூட வரும்” என்றார். முதல் காகிதம்தான் செல்லும் என்றும், சம்மதமில்லாமல் வண்டியைத் தூக்க வந்ததற்கு நஷ்டஈடு தரவேண்டும் என்றும் தீர்ப்பானது. பழைய வண்டியைக் கொடுத்ததும் அந்தக் காகிதத்திலேயே சேர்ந்திருந்ததால், ரோவீனாவின் பழைய வண்டிப் பேச்சே அதோடு முடிந்தது. அது போனது போனதுதான். லீலண்டின் வண்டி எங்கோ ஏலத்தில் போயிருந்தது. அவருக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. ஜொனெலின் வழக்கு இன்னும் நடக்கிறது.

அடுத்த சனிக்கிழமை ஊர் மன்றத்தில் ரோவீனா ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தாள். வண்டி வாங்கப் போகிறவர்கள், வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், எல்லோரும் காகிதத்தோடு வந்தார்கள். ஒவ்வொன்றையும் அவர்கள் பாஷையில் வரி வரியாகச் சொன்னாள். நடுவில் போன் அடித்தது. ரெட்மண்ட்.

“நீங்க எங்க கடைப் பேரக் கெடுக்கறதா கேள்விப்பட்டேன்.”

“நான் உங்களப்பத்தி ஒண்ணுமே சொல்லல” என்றாள் ரோவீனா. “நீங்க எழுதினதத்தான் சத்தமாப் படிக்கிறேன்.”

போனை வைத்துவிட்டு, எதிரில் காத்திருந்த கிழவரிடமிருந்து காகிதத்தை வாங்கினாள்.