எட்டாவது படித்தவர்

பக்கவாதம் வந்து ஷேக் ஃபரீதின் வாய் அடைத்துப்போனதும் திருக்கனூர் கடைத்தெருவே வருத்தப்பட்டது. வேர்க்கடலை வியாபாரி அவர்; எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விலை பேசி அவரை ஜெயித்தவர் கிடையாது.

வில்லியனூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெயசித்ரா முதல் நாளே, "இன்னா படிச்சிருக்காரு?" என்று கேட்டாள்.

"எட்டாவது மேடம்" என்றாள் அவர் மனைவி ஹப்சா, பெருமையாக. பாவம், அவளைப் பெண் கேட்டு வந்தபோது ஃபரீதின் அக்கா அளந்த அளப்பு அது. மனுஷன் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதே இல்லை. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில் எது வந்தாலும், "கண்ணாடி கடையில இருக்கு, நீயே படி" என்பார். அவளும் படித்துக் காட்டுவாள். காலம் அப்படியே ஓடிவிட்டது.

எட்டாவது படித்தவராயிற்றே என்று ஜெயசித்ரா வாராவாரம் எழுத்து அட்டைகளையே காட்டினாள். அவர் திருதிருவென்று விழித்தார். "படிப்பையும் சேத்து எடுத்துக்கினியே அல்லா" என்று ஹப்சா பஸ்ஸில் அழுதபோது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் வெட்கங்கெட்ட மனசின் ஒரு மூலையில் நிம்மதி. இனி பொய் வெளியே வராது, பழி வியாதிக்குப் போய்விடும்.

ஒருநாள் ஜெயசித்ரா உதட்டைப் பிதுக்கினாள். "முன்னேற்றமே இல்லம்மா. இனிமே சைகை மட்டும் பழக்கலாம். பேச்சு வரும்னு தோணல."

ஹப்சாவின் முகம் செத்துப்போயிற்று. அதை ஃபரீதால் பார்க்க முடியவில்லை. அட்டையைத் தொட்டு, கையை விரித்து இல்லை என்றார். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் வீசிக் காட்டி, மறுபடி விரித்தார்.

"கோவம் மேடம் அவுருக்கு" என்றாள் ஹப்சா.

ஜெயசித்ரா மெதுவாகக் கேட்டாள். "பாய், முன்னாடியும் உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

அவர் தலை ஆமாமென்று அசைந்து, அப்படியே தொங்கிவிட்டது. ஹப்சா தலைத்துணியின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

ஜெயசித்ரா அட்டைகளை மூடி வைத்தாள். தனக்குக் கொடுக்க ஹப்சா கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது இன்னா பாய்? ம..."

"ம... ம... மல்லாட்ட."

ஜெயசித்ரா கை தட்டினாள். ஹப்சா நிமிராமலே கேட்டாள்.

"எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது அந்த ஒரே சொல்.

"மல்லாட்ட" என்றார் ஃபரீத், அழுதுகொண்டே.