சந்துக்குள் ஒரு பிரேக் சத்தம்

கொச்சியில், செர்லாய் பக்கத்துச் சந்தில் காலை ஏழு மணி ஆனதை யாரும் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஸ்வர்ணலதாவின் பள்ளிக்கூட வேன் வளைவில் திரும்பி, முதல் வீட்டு வாசலில் பிரேக் பிடிக்கும். உடனே ஈயப் பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் சுரண்டியதுபோல ஒரு கீச்சுச் சத்தம் எழும். பால் பாக்கெட்டோடு நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் வெங்கிடராமன் சார், வாயில் நுரையோடு எட்டிப் பார்த்து முறைப்பார். சந்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை.

ஸ்வர்ணலதா அந்தச் சந்திலிருந்து ஆறு பிள்ளைகளைத் தோப்பும்படியில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறவள். வண்டி அவளுடையது, வருமானமும் அவளுடையது. அந்தப் பாழாய்ப்போன சத்தம் வந்து சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

மழை பிடித்த முதல் வாரத்தில், பாலத்து இறக்கத்தில் முன்னால் போன மீன் வண்டி சட்டென்று நின்றது. ஸ்வர்ணலதா பிரேக்கை அழுத்தினாள். கால் அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பின்னால் பிள்ளைகள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அன்றைக்கே தோப்பும்படியில் மெக்கானிக் விபினின் பட்டறைக்குப் போனாள். சக்கரத்தின் இரும்புத் தட்டை இருபக்கமும் இறுக்கிப் பிடிக்கிற பேடுகளைக் கழற்றி அவன் அவள் கையில் கொடுத்தான். தேய்ந்து, மேரி பிஸ்கட் தடிமன்கூட இல்லை.

"சேச்சி, பெர்ஃபார்மன்ஸ் பேடு ஒண்ணு இருக்கு. மலையில ஓடற வண்டிக்கெல்லாம் போடறது. மழையிலயும் நல்லாப் பிடிக்கும். ஆனா தணுத்துக் குளிர்ந்து கிடக்கும்போது கீச்சுனு கத்திக் கரையும். சூடானா அடங்கிக்கும். பேடிக்க வேண்டாம், பயமில்ல, அது கேடு இல்ல."

"பிடிக்குமில்ல?"

"பிடிக்கும்."

"அப்ப கரையட்டும். போடு."

புதுப் பேடும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும் என்று விபின் சொல்லிக் கொடுத்தபடி, வெல்லிங்டன் தீவின் காலி ரோட்டில் வேகமாகப் போவதும் மெல்லப் பிரேக் பிடிப்பதுமாக ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதி, மழை பெய்த காலைகளில் சரியாகச் சந்துக்குள் வந்து கத்தியது.

மூன்றாம் நாளே சந்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டார்கள். ‘வண்டி ஓட்டத் தெரியாத பெண்கள் ஓட்டினால் இப்படித்தான்’ என்று மலையாளத்தில் ஒருவர் எழுதினார். அதற்குப் பன்னிரண்டு கட்டைவிரல்கள். அதே சந்தின் முனையில், பஜார் ரோட்டுக்குப் போகிற லாரிகள் நாளெல்லாம் ஏர் ஹார்ன் அடிக்கின்றன. கல்யாண வீட்டு வெடிச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அதையெல்லாம் எவரும் பதிவு செய்ததில்லை. லாரிக்காரன் இறங்கி வந்து திருப்பிக் கேட்பான் என்ற பயம். இவளிடம் என்ன பயம்?

பயம் இல்லாவிட்டாலும் வெங்கிடராமன் சார் அவளிடம் நேரே பேசவில்லை. பெண்ணைப் பற்றிய புகாரைப் புருஷனிடம் கொடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. அவள் கணவன் தங்கதுரை கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. அந்தச் சந்தைப் பெருக்குவதும் அவன்தான். துடைப்பத்தோடு நின்றவனை எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

"தங்கதுரை, உன் ஆம்படையாள்கிட்டே சொல்லி வை. திங்கக்கிழமைக்குள்ள அந்தச் சத்தம் நின்னாகணும். இல்லேன்னா குழந்தைகளுக்கு நாங்க வேற வண்டி பாத்துப்போம், கேட்டியா?"

தங்கதுரை வீட்டுக்கு வந்து முகம் கழுவாமலே உட்கார்ந்தான்.

"அந்தப் பழைய பேடையே மாட்டிரு லதா. நாலு பேரு முன்னால தலை குனிஞ்சு நின்னேன்."

"பாலத்துல வண்டி நிக்காம போனப்போ அந்த நாலு பேரும் எங்க இருந்தாங்க?" என்றாள் அவள். "என் வண்டி கத்தும். பிடிக்காதவங்க காதுல பஞ்சு வெச்சுக்கட்டும்."

"வேலை போயிட்டா?"

"போவட்டும். ஆறு புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆனா நான் உசுரோட இருப்பேன்னு நினைக்கறீங்களா?"

அதோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலுவாவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போன நேரம், அவனுக்கு ஒரு யோசனை வந்தது. அவனுடைய குப்பைத் தள்ளுவண்டியும் வாரத்துக்கு ஒருமுறை கத்தும். சமையலில் மிஞ்சிய தேங்காயெண்ணெயை அச்சில் நாலு சொட்டு விட்டால் அடங்கிவிடும். பதினெட்டு வருஷமாகப் பலித்த வைத்தியம். சக்கரம் என்றால் எல்லாம் சக்கரம்தானே என்று நினைத்தான். அடுக்களையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துப் போய், சக்கரத்தின் துவாரங்கள் வழியாக நான்கிலும் தாராளமாக விட்டான். அவள் சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தான். அதுதான் பாவம்.

திங்கட்கிழமை காலை வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. பொய் சொல்வானேன், முதலில் ஸ்வர்ணலதாவுக்கும் சந்தோஷம்தான். பேடு ஒருவழியாகப் பழகிவிட்டது என்று நினைத்தாள். காலி ரோட்டில் மெதுவாக வந்ததால் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. சந்து வளைவில் திரும்பி, முதல் வீட்டு வாசலில் வழக்கம்போல அழுத்தினாள்.

வண்டி நிற்கவில்லை. முதல் வீட்டைத் தாண்டி, இரண்டாவது வீட்டையும் தாண்டி, இன்னும் பலமாக அழுத்த அழுத்த வழுக்கிப் போய், சங்கம் வைத்திருந்த சிமென்ட் பூந்தொட்டியில் முட்டி நின்றது. தொட்டி இரண்டாகப் பிளந்தது. அவள் கண் முன்னால் அந்த மீன் வண்டி வந்து நின்றது.

பேத்தி அஞ்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெங்கிடராமன் சார் சிரித்த முகத்தோடு வந்தார்.

"பாத்தியா, மனசு வெச்சா முடியறதோல்லியோ? சத்தமே இல்லை! தொட்டி போனாப் போறது. அஞ்சனா, ஏறிக்கோ."

"அஞ்சனா, ஏறாதே!"

ஸ்வர்ணலதா கீழே இறங்கினாள். முன்சக்கரத்தருகே குனிந்தவளுக்கு ஒரு வாசனை வந்தது. வாழைக்காய் உப்பேரி வறுக்க அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசனை. துவாரத்துக்குள் விரலை விட்டு எடுத்தாள். விரல் மினுமினுத்தது. முகர்ந்து பார்த்தாள். அவள் வீட்டு அடுக்களையில் இருக்கிற அதே எண்ணெய்.

சந்தின் கோடியில் துடைப்பத்தோடு நின்ற தங்கதுரையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. ஓடி வந்து அவள் காதோரம் சொன்னான்.

"லதா, வீட்டுல பேசிக்கலாம். இங்க வேண்டாம்."

"இங்கதான் பேசணும்" என்றாள் அவள். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். பிள்ளைகளோடு வந்த தாய்மார்கள் கூடிவிட்டார்கள். "சார், பிரேக்குல எண்ணெய் விட்டிருக்கு. அதான் சத்தம் இல்ல. சத்தத்தோட சேர்ந்து பிரேக்கும் இல்ல. நீங்க கேட்ட மாதிரியே ஆயிருச்சு. இப்ப சொல்லுங்க, உங்க பேத்திய ஏத்தட்டுமா?"

வெங்கிடராமன் சாரின் கை அஞ்சனாவை இழுத்து வேட்டியோடு அணைத்துக்கொண்டது.

"ஏத்த மாட்டீங்க. போன வாரம் வரைக்கும் கத்தின வண்டியில ஏத்தினீங்க, அப்ப பத்திரமா போய் வந்தா. இன்னிக்கு அடங்கிப்போன வண்டிய பார்த்துப் பயப்படறீங்க. நியாயமான பயம்தான் சார். ஆனா என்ன ஏதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் புருஷனைக் கூப்பிட்டுத் தலை குனிய வெச்சீங்க. ஏன் கத்துதுன்னு யாரும் கேக்கல. வாயை அடைச்சா போதும்னு நினைச்சீங்க. வண்டிக்கும் அப்படி, எனக்கும் அப்படி. இந்த வண்டியை இன்னிக்கு எடுக்க மாட்டேன். எத்தன பேரு சொன்னாலும் எடுக்க மாட்டேன். நாளைக்கு எடுத்தா, கத்திக்கிட்டேதான் வரும். வேண்டாங்கறவங்க இப்பவே சொல்லிருங்க."

அப்போது தங்கதுரை துடைப்பத்தைக் கீழே போட்டான்.

"நான்தான் விட்டேன்" என்றான். "தள்ளுவண்டிக்கு விடற மாதிரி விட்டுட்டேன். தலை குனியக் கூடாதுன்னு பார்த்தேன். ஆறு புள்ளைங்க..." ஸ்வர்ணலதாவுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் எண்ணெய் படாத இடது கையால் அவன் தோளைத் தொட்டாள்.

விபின் வந்து கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனான். எண்ணெய் குடித்த பேடு இனிமேல் எதற்கும் உதவாது என்று தூக்கிப் போட்டான். தட்டுகளைத் துடைத்துச் சுத்தம் செய்து, அதே மாதிரி புதுப் பேடுகளை மாட்டிக் கொடுத்தான். மறுநாள் மறுபடியும் தீவு ரோட்டில் பேடைப் பழக்குகிற வேலை. இந்த முறை பக்கத்து சீட்டில் தங்கதுரையும் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கீச்சுக்கும் அவன் வண்டிக்குள் ஒடுங்கினான். அவள் சிரிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, முதல் வீட்டு வாசலில், வண்டி கத்திக்கொண்டே கச்சிதமாக நின்றது. வெங்கிடராமன் சார் மாடியிலிருந்து முறைக்கவில்லை. வாசலில் நின்று கதவைத் திறந்து பேத்தியை ஏற்றினார்.

"லதா, உன்னண்டையே நான் கேட்டிருக்கணும்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. அவளுக்கு அது போதும்.

ஆனால் உலகம் அதற்குள் திருந்திவிடுமா? எட்டு மணிக்குள் குழுவில் யாரோ மறுபடியும் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டார்கள். ‘இது இன்னும் நிற்கவில்லையா?’ என்று கீழே ஒரு கேள்வி. தங்கதுரை அந்தக் குழுவில் இரண்டு வருஷமாக இருக்கிறான், ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சந்தின் நடுவில் நின்று, கைபேசியை வாயருகே பிடித்து, குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினான்.

"நான் தங்கதுரை பேசறேன். சத்தம் நின்னுச்சான்னு நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன். வண்டி நிக்குமான்னு ஒருத்தரும் கேக்கல. அதைக் கேட்டவ எம் பொண்டாட்டி ஒருத்திதான். தப்பைக் காட்டிக் கத்தறவங்க வாயை அடைச்சா தப்பு போயிராது, நம்ம புள்ளைங்கதான் போயிரும். இனிமே அவ வண்டியைப் பத்திப் புகார் இருந்தா என்கிட்ட வராதீங்க. வண்டி அவளோடது. அவகிட்டயே கேளுங்க, தைரியம் இருந்தா."