இழை ஓரத்துக்கு வந்த நாள்

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தொலைநோக்கிக் குழலோடு இணைத்த மடிக்கணினித் திரையைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் தெரிந்தது அவளுடைய மூக்குதான். மொட்டைமாடி வெயிலில் துணி போர்த்தாமல் திரையில் எதுவும் தெரியாது. போர்த்தினாலோ உள்ளே வேர்த்துக் கொட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதில் கணவரின் குரலுக்குப் பின்னால் டயாலிசிஸ் மெஷின் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

"தெரியுதா?"

"என் மூஞ்சிதான் தெரியுது."

"அதையும் ஒரு போட்டோ எடுத்து வை. இப்ப குழல்ல இருக்கிற வளையத்த மெதுவா திருப்பு. பால் பொங்கி வர்றப்ப அடுப்பக் குறைப்பியே, அந்த மாதிரி."

திருப்பினாள். மங்கலான சிவப்பு வட்டம் மெல்லத் துலங்கியது. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். சூரியன் அவளுக்குத் தேய்க்காத வெல்வெட் துணி மாதிரித்தான் எப்போதும் தோன்றும். அதில் மை சிந்தியதுபோல் இரண்டு கரும்புள்ளிகள். ஏறக்குறைய இரண்டு வாரமாக அவர்கள் தொடர்ந்து வந்த இழையை மட்டும் காணவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கம்பிக்கு எண்ணெய் போடுகிறவர். "கிணத்துக்குள்ள கிடக்கிறவன், கொஞ்ச நேரம் வெளிச்சத்தப் பாத்துக்கறேனே" என்று சொல்லித்தான் அந்தச் சின்னக் குழலை வாங்கி வந்தார். சூரியனின் ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விட்டு மற்றதையெல்லாம் தடுத்துவிடும் குழல் அது. வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், தரை சூடேறிக் காற்று அலையத் தொடங்குவதற்குள், மாடிக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு வருவார். சூரியனைப் போய் யாராவது போட்டோ எடுப்பார்களா என்று கல்யாணமான புதிதில் அவள் சிரித்திருக்கிறாள். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டாள். கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. சூரியனின் ஒரு விளிம்பில் தோன்றும் இழை, சூரியன் சுழலச் சுழல நகர்ந்து, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறு விளிம்புக்குப் போய்விடும். அப்படி ஒரு இழையை ஒரு நாள்கூட விடாமல் முழுப் பயணமும் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நடுவில் மேகம் வரும், அல்லது எங்காவது லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொள்வார்கள், அல்லது இழையே பாதி வழியில் அறுந்து போய்விடும். இந்த முறை வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது, இழையும் அறாமல் வந்தது. ஆனால் இப்போது அவருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் டயாலிசிஸ். முடிந்து திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி வருவார். அதனால் அந்த நாட்களில் படம் எடுப்பது அவள்.

"இழைன்னா என்னங்க அது?" என்று முதல் நாள் கேட்டாள்.

"நெருப்பு மேகம். சூரியனுக்கு மேல அந்தரத்துல தொங்குது."

"நெருப்பு எப்படிங்க கறுப்பா இருக்கும்?"

"அது கறுப்பு இல்ல. பின்னாடி இருக்கிற வெளிச்சம் ஜாஸ்தி, அதான் இது எடுபடல. விளிம்புக்கு வரட்டும், பின்னாடி வெறும் வானம்தான் இருக்கும். அப்பப் பாரு."

அவருக்கு ஒரு தம்பி. குடும்பத்தில் எல்லாருக்கும் அவன் சின்னவன். நாலு தெரு தள்ளி வீடு, பேக்கரியில் இரவு வேலை. அண்ணனின் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதென்று தெரிந்ததும், யாரும் கேட்காமல் அவனாகவே வந்து, "என்னோடத எடுத்துக்கட்டும் அண்ணி" என்றான். எல்லாச் சோதனையும் செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய காலையில் அவன் வரவில்லை. போன் அணைந்திருந்தது. பயமாக இருக்கிறதாம் என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. ஒருநாள் வாசலில் வந்து நின்றான். அவள் கதவைத் திறக்கவில்லை. ரொட்டிப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனான். அதை அப்படியே கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"அவன் உடம்பு, அவனோடது. தரலேன்னா திருட்டா?" என்றார் கணவர், கட்டிலில் படுத்தபடி.

"நாம கேட்டமா? அவராத்தானே வந்தாரு?"

"அவனாத்தான் போனான். விடு."

அவளால் விட முடியவில்லை. இஸ்திரிப் பெட்டியை அழுத்தும் ஒவ்வொரு அழுத்தலிலும் அவனைத் திட்டினாள்.

"இழையக் காணோம்" என்றாள் இப்போது போனில். "போயிடுச்சு போல."

"எங்க போவும்? ஓரத்தப் பாரு. நல்லா விளிம்புல பாரு."

பார்த்தாள். வட்டத்துக்கு வெளியே, இருட்டில், ஏதோ நீட்டிக்கொண்டு நின்றது. வளையத்தை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினாள்.

"ஏங்க... வேலி மாதிரி ஒண்ணு நிக்குது. தீப்பிடிச்ச வேலி. நடுநடுவுல சந்து இருக்கு."

அந்தப் பக்கம் மெஷின் மட்டும் கூவியது.

"கேக்குதா?"

"கேக்குது. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் கேட்ட சிரிப்பு. "அதேதான். ரெகார்ட் அமுக்கு, அமுக்கிட்டு கையெடுத்துடு. ஸ்கிரீன ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பு. தலையில துணியப் போட்டுக்க, வெயில்."

வைத்துவிட்டார். அவள் படம் பிடித்தாள், திரை வெளுத்து விழுந்தது. மறுபடி பிடித்தாள். அனுப்பப் போகும்போது டயாலிசிஸ் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. பிரஷர் இறங்கிவிட்டது, ஐசியூவுக்கு மாற்றுகிறோம், உடனே வாருங்கள். இதற்கு முன்பும் இப்படி அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் எப்போதும் 'மேடம்' என்று கூப்பிடுகிற நர்ஸ் இன்று 'அக்கா' என்றாள். அதைக் கேட்டதும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

ஆட்டோவில் பாதி வழி போன பிறகுதான் மாடி நினைவுக்கு வந்தது. எல்லாம் திறந்து கிடக்கிறது. சின்னப் பிள்ளைகள் விளையாட வரும் மாடி. யாராவது குழலின் வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கண்ணை வைத்தால்? கீழ்வீட்டில் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். விரல் தானாக ஒரு எண்ணைத் தேடிப் போனது.

"அண்ணி?" தூக்கக் கலக்கத்தில் இருந்தான்.

"தம்பி, மாடியில உங்க அண்ணனோட குழல் அப்படியே கிடக்கு. பிள்ளைங்க யாரும் பக்கத்துல போயிடாம பாத்துக்கங்க. அவரை ஐசியூவுக்குக் கொண்டு போறாங்க. நான் அங்கதான் போறேன்."

"நானும் அங்கயே..."

"மாடிக்குப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது திரைக்குப் பின்னால் நாலைந்து பேர் குனிந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஓர் இளம் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். உள்ளே விட்டார்கள். டயாலிசிஸுக்காக அவருடைய இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் தோலுக்கடியில் தேனீ அடைபட்டதுபோல் ஒரு ரீங்காரம் இருக்கும். தூங்கும்போது அவள் கை அங்கேதான் கிடக்கும். இப்போதும் அங்கேதான் வைத்தாள். கை சூடாக இருந்தது. ரீங்காரம் இல்லை. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, "அக்கா, வாங்க" என்றாள்.

படம் இன்னும் அனுப்பப்படாமல் அவள் போனிலேயே இருந்தது.

கையெழுத்துகள் முடிந்து, உடலைச் சாயங்காலம்தான் தருவோம் என்று சொன்னபோது, வீட்டைக் கூட்டி வைக்க வேண்டும், ஆட்கள் வருவார்கள் என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்கு வந்து துடைப்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான் சின்னவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பது உறைத்தது. மாடி ஏறினாள்.

அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். சட்டையைக் கழற்றி மடிக்கணினி மேல் போர்த்தியிருந்தான். பனியனோடு நின்றவனின் கழுத்தும் தோளும் வெந்து சிவந்திருந்தன. அடியிலிருந்த மோட்டார் சூரியனைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருந்ததில் குழல் மேற்கே நன்றாகச் சாய்ந்துவிட்டிருந்தது.

"நான் எதையும் தொடல அண்ணி. அதுவா திரும்புது. பிள்ளைங்க வந்தாங்க, விரட்டிட்டேன். கம்ப்யூட்டர் அணைஞ்சிடுச்சு, அதுக்கு நான் ஒண்ணும் பண்ணல." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிறுத்தினான். "போன் பண்ணலாமான்னு பாத்தேன். நீங்க திட்டுவீங்களோன்னு..."

அவள் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அண்ணன்?"

"போயிட்டாரு தம்பி."

அவன் குழலைப் பார்த்தான். பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். தரை கொதித்திருக்கும், அவனுக்கு அது தெரியவில்லை. "அன்னிக்கு நான் வந்திருந்தா" என்று ஆரம்பித்தான். மேலே சொல்ல அவன் உதடு இடம் கொடுக்கவில்லை, காய்ந்து வெடித்து ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. காலையிலிருந்து அவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கீழே போய்ப் பெரிய செம்பு நிறையத் தண்ணீரும் ஒரு தம்ளரும் கொண்டுவந்தாள். ஊற்றிக் கொடுத்தாள். அண்ணாந்து மடக்மடக்கென்று சத்தமாகக் குடித்தான். மோவாயில் வழிந்து பனியன் நனைந்தது. அந்த வீட்டில் யாரும் இப்படித் தண்ணீர் குடித்து வருஷக்கணக்காகிவிட்டது. டயாலிசிஸ்காரருக்குத் தண்ணீர் அளந்துதான். நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது அவர் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டு அடக்கிக்கொள்வார். அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, தொண்டையில் சத்தம் எழாமல் விழுங்கிப் பழகியிருந்தாள்.

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். அழுகை வந்து புரையேறியது.

"இன்னும் வேணுமா?"

அவளைப் பார்க்காமல் தலையை ஆட்டினான்.

அவள் செம்பைச் சாய்த்தாள். வெறும் மாடியில் தண்ணீர் தம்ளருக்குள் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.