தலைகீழாக ஒரு விண்மீன் திரள்

பதினாலாம் பக்கத்தைத் திருப்பியவளுக்குக் காது மடல் இரண்டும் ஜிவ்வென்று சூடேறின.

அவளுடைய படம். அவளுடைய பென்சில் கோடு. நீள்வட்டமாய் ஒரு விண்மீன் திரளின் மங்கல் ஒளி, நடுவே குறுக்காக ஓடும் கருங்கோடு, பக்கத்தில் பஞ்சுத் துணுக்குபோல் ஒரு குட்டித் திரள். சுற்றிலும் பதினொரு நட்சத்திரங்கள். கீழ்விளிம்பில் ‘வடக்கு’ என்ற குறிகூட அப்படியே. அடியில் இருந்த அச்சு மட்டும் வேறு கதை சொன்னது: ‘பார்த்து வரைந்தவர்: சங்கத் தலைவர். கருவி: நாலு அங்குல லென்ஸ் தொலைநோக்கி.’

தலைவர் வேறு யாருமில்லை. ஊரறிந்த பல் டாக்டர். அவளுடைய அக்கா வீட்டுக்காரர்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஷிப்ட் முடிந்த கையோடு, சட்டையில் குத்தியிருந்த கதிர்வீச்சு பேட்ஜைக் கழற்றக்கூட மறந்து, வானம் பார்ப்போர் சங்கத்தின் ஹாலுக்கு ஓடி வந்திருந்தாள். மலை உச்சி ஆய்வு நிலையத்தின் ராட்சசத் தொலைநோக்கியில் ஒரு வாரம். ஒரே ஒருவருக்கு. சங்கத்தின் ஆண்டு மலரில் வந்த படங்களைப் பார்த்து அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க, நிலையத்து அதிகாரி அம்மா முன் மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷமாக அந்த வாரத்துக்காகத்தான் இவள் இருட்டில் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மலரில் அவள் பெயரே இல்லை. “உன்னோடது லேட்டா வந்துச்சும்மா” என்று காலையில் போனில் அத்தான் சொன்னபோது பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியிருந்தாள். ‘சரிபார்த்துத் தர்றேன்’ என்று அவர் அவளுடைய குறிப்பேட்டை வாங்கி இரண்டு வாரம் வைத்திருந்தது இப்போதுதான் சுருக்கென்று உறைத்தது.

மூன்று ராத்திரிப் படம் அது. ஊர் வெளிச்சம் எட்டாத, கைவிட்ட கல்குவாரி. கண் இருட்டுக்குப் பழகவே நாற்பது நிமிஷம். அந்தத் திரள் நேராகப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். ஓரக்கண்ணால் பார்த்தால்தான் தலைகாட்டும். முதல் ராத்திரி கருங்கோடு வரவே இல்லை. இரண்டாவது ராத்திரி இரண்டே விநாடி. மூன்றாவது ராத்திரி, தன் தொலைநோக்கிக் குழாயை விரலால் லேசாகத் தட்டி ஆட்டியபோது, ஆடிய ஒளிக்கு நடுவே ஆடாமல் வந்து நின்றது. மூன்று ராத்திரியும் அத்தான் கூட வந்திருந்தார். தலைவருக்கே உரிய கம்பீரத்துடன் காருக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கே?” அக்கா வந்து முழங்கையால் இடித்தாள்.

“பதினாலாம் பக்கம் பாத்தியா?”

அக்காவின் பார்வை ஜன்னலுக்குப் போயிற்று. “வீட்டு மனுஷன்தானேடி. உனக்கு இன்னும் வயசிருக்கு. அடுத்த வருஷம் போயிக்கோ.”

“அப்போ உனக்கும் தெரியும்!”

“கத்தாதே.”

கத்தவில்லை. நேரே முன் மேசைக்கு நடந்தாள். அதிகாரி அம்மா அத்தானின் பெயரைப் படிவத்தில் எழுதி முடித்திருந்தார்.

“அந்தப் படம் நான் வரைஞ்சது.”

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது. அத்தான் மட்டும் பளிச்சென்று சிரித்தார்.

“என் மச்சினிங்க மேடம். நைட் டியூட்டி பாத்துப் பாத்து தூக்கம் கெட்டுப்போச்சு, பாவம்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்ட அந்தப் படத்தைத் திறந்து மேசையில் டப்பென்று வைத்தாள்.

“தேதியை யார் வேணாலும் எழுதலாமே” என்றார் அத்தான். “மலர் நேத்தே வந்தாச்சு. பாத்து வரைஞ்சிருப்பா.”

“வேற ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?” என்றார் அதிகாரி.

ஆத்திரத்தில் எழுத்தெல்லாம் மங்கித் தெரிந்தது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள், இந்த முறை வேலைக் கண்ணால். எந்த எக்ஸ்ரேயை எடுத்தாலும் முதலில் இடமா வலமா என்று பார்க்கிற கண் அது. அதில் கோட்டை விட்டால் நல்ல முழங்காலைக் கிழித்துவிடுவார்கள்.

“அத்தான், பாக்கும்போது டெலஸ்கோப்புல, கழுத்தை ஒடிக்காம பாக்கறதுக்கு, வளைவுத் துண்டு மாட்டியிருந்தீங்களா?”

“பின்னே? என் கழுத்து என்ன வாடகைக் கழுத்தா?”

மறுபடி சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

“அந்தத் துண்டுக்குள்ள ஒரே ஒரு கண்ணாடி. முகம் பாக்கற கண்ணாடி மாதிரி இடத்தை வலமாக்கிடும். என் குழாயில ரெண்டு கண்ணாடி. ஒண்ணு மாத்தினதை இன்னொண்ணு சரி பண்ணிடும், படம் தலைகீழா மட்டும் நிக்கும். மேடம், இந்தப் படத்துல இடம் வலம் மாறவே இல்லை. உங்க வரைபடத்தோட வெச்சுப் பாருங்க.”

அதிகாரி தன் நட்சத்திர வரைபடத்தை விரித்தார். அத்தான் கண் சிமிட்டும் நேரம்தான் தடுமாறினார்.

“இதுக்கா இவ்வளவு சத்தம்? மாறித்தான் தெரிஞ்சுது. அச்சுக்குக் குடுக்கும்போது வானத்துல இருக்கற மாதிரி நான்தான் நேராக்கினேன்.”

‘அதானே’ என்று பின்வரிசையில் ஒரு குரல்.

“நேராக்கினீங்க?”

“ஆமாம்மா.”

“நீங்களே, உங்க கையால?”

“எத்தனை தடவை சொல்றது?”

“அப்புறம் ஏன் அது தலைகீழா நிக்குது?”

அத்தான் படத்தைப் பார்த்தார்.

“வடக்கு கீழ கிடக்கு, பாருங்க. உங்க டெலஸ்கோப்புல வடக்கு மேலதான் இருக்கும். இடம் வலத்தைக் கஷ்டப்பட்டு நேராக்கின மனுஷன், நேரா இருந்த தலையை எதுக்குக் கீழ தள்ளினீங்க? என் குழாய்லதான் இது இப்படி நிக்கும். இந்தச் சங்கத்துல அந்த மாதிரிக் குழாய் என் ஒருத்திகிட்டதான் இருக்கு.”

பல் டாக்டர், தன் கிளினிக்கிலேயே நாற்காலியில் சாய்ந்த நோயாளிபோல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அதிகாரி வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பென்சில் முனையால் ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டுக்கொண்டே போனார். பதினொன்றும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. படிவத்தில் ஒரு பெயரைப் பரக்கென்று அடித்துவிட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

“உங்க பேரை எழுதுங்க. அடுத்த அமாவாசைக்கு மலைக்கு வந்துடணும்.”

எழுதினாள்.

“நாலு பேர் முன்னாடி அவர் மானத்தை வாங்கிட்டியேடி!” அக்கா பின்னால் நின்று அழுதாள்.

“வாங்கினது நானில்லைக்கா. வித்தது அவர்.”

அதற்குள் அத்தானுக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையை நீட்டினார். “சபாஷ்! எனக்குத் தெரியும், நீ கண்டுபிடிச்சிடுவேன்னு. சும்மா உன்னைச் சீண்டிப் பாக்கத்தான்...”

“கையை இறக்குங்க.”

இறங்கியது.

மேசையோரம் அடுக்கியிருந்த மலர்களை அவள் அவர் முன்னால் தள்ளினாள். அறுபது பிரதிகள். மேலே ஒரு பேனாவை வைத்தாள்.

“பதினாலாம் பக்கம். உங்க பேரை அடிச்சுட்டு, பாத்து வரைஞ்சது யாருன்னு எழுதுங்க. எல்லாத்துலயும்.”

“அறுபதுலயுமா? ஆளை வெச்சு...”

“மூணு ராத்திரியும் நான் ஆளை வெச்சா பாத்தேன்?”

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார்.

உட்கார்ந்தார். முதல் பிரதியை விரித்து, எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு கிறுக்கலை இழுத்து மூடினார். அவள் அதைத் திறந்து பார்த்தாள். தன் பெயரின் ஓர் எழுத்தைக்கூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி விரித்து அவர் முன்னாலேயே வைத்தாள்.

“டாக்டர் கையெழுத்தெல்லாம் வேண்டாம், அத்தான். படிக்கிற மாதிரி எழுதுங்க.”