வைப்பருக்கு அடியில ஒரு சீட்டு

சிதம்பரம் கீழவீதியில, கோயிலுக்கு வர்ற கார்களுக்கு டோக்கன் போடுறவர் மணவாளன். வண்டி நின்னதும் வைப்பருக்கு அடியில ஒரு மஞ்சச் சீட்டு சொருகுவார். சாமி பாத்துட்டு வந்து வண்டிய எடுக்கும்போதுதான் காசு. அவருக்குத் தெரிஞ்ச பார்க்கிங் சட்டம் அவ்வளவுதான், கண்ணுங்களா.

அவர் தங்கச்சி கனிமொழியும் அவ புருசன் இளவரசுவும் கடலூர்க்காரங்க. பிரான்சுக்குச் சுத்திப் பாக்கப் போயிருந்தாங்க. போன எடத்துலேர்ந்து இளவரசு ஒரு போட்டோ அனுப்பினான். "மச்சான், வாடகைக் கார்ல எவனோ சீட்டு சொருகிட்டுப் போயிருக்கான். என்னன்னே புரியல."

மணவாளன் யோசிக்கவே இல்ல. "டோக்கன்தான் மாப்ள. எடுக்கும்போது கேப்பான், குடுத்துக்கலாம். நீங்க நிம்மதியா ஊரச் சுத்துங்க."

அது அபராதச் சீட்டு. நிறுத்தக்கூடாத எடம், உடனே வண்டிய எடுன்னு அந்த ஊர் பாஷையில எழுதியிருந்துது.

சாயங்காலம் மறுபடியும் போன். "மச்சான், வண்டியக் காணும்! போலீஸ்காரனுங்க தூக்கிட்டுப் போயிட்டானுங்களாம்."

"போனாப் போவுது, கட்டிட்டு..."

"இவ இளைப்பு மருந்து வண்டியில மாட்டிக்கிச்சு மச்சான்!"

அங்க பனிக்காலம், கனிமொழிக்கோ பனி ஆவாது. மருந்த உறிஞ்சலன்னா நெஞ்சு அடைச்சிக்கும். போன்லயே அவ மூச்சு கேட்டுது, கிழிஞ்ச துருத்தி மாதிரி.

"எதிர்த்தாப்ல பச்சை லைட்டுல கூட்டல் குறி மாதிரி எரியுது. மருந்துக்கடையா மச்சான்?"

ஆமாம்னு சொல்ல வாய் வந்துது. இதுவும் தப்பாப் போச்சுன்னா?

"தெரியல மாப்ள. எனக்கு ஒரு எழவும் தெரியாது. எந்தக் கடையா இருந்தாலும் உள்ள நொழ. அவளக் காட்டு. ஓடு!"

இளவரசு போன அணைக்காம ஓடினான். காலடிச் சத்தம், கதவு மணி, யாரோ ஒரு பொம்பள பதறிப் பேசுறது. அப்புறம் சத்தமே இல்ல. மணவாளன் போனக் காதோட அமுக்கிக்கிட்டு ரோட்டோரமா அப்படியே குந்திட்டார். காசு குடுக்க நின்ன கார்க்காரர் ஹாரன் அடிச்சது அவர் காதுல ஏறவே இல்ல.

புஸ்ஸுனு மருந்து உறிஞ்சுற சத்தம். ஒரு நீள மூச்சு. இன்னொண்ணு.

"அண்ணே," அவ கொரலு தேஞ்சு வந்துது. "இங்க யாருக்கும் தமிழ் தெரியாதது நல்லதாப் போச்சு. ஒன் மாப்ள ஒன்ன அந்தத் திட்டு திட்டுறாரு."

"திட்டட்டும்மா," என்றார் மணவாளன், அழுதுகிட்டே. "நல்லாத் திட்டட்டும்."